ஆட்டிசக் குழந்தைகளும் நடத்தைப் பயிற்சி உதவியாளரும்

மேற்கு இரயில்வேயும் மத்திய இரயில்வேயும் சந்திக்கும் தாதர் நிலையம் மும்பை நகரில் நெரிசல் மிக்க இடங்களுள் ஒன்று. மாலை வேளையில் அதன் நடைமேம்பாலப் படியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அமர்ந்து வீறிட்டு அழுகின்றான் என்று கொள்வோம். கடந்து செல்வோர் அவனைப் பிடிவாதக்காரன் என்பர். வளர்ப்பின் குறை என்று தாயைக் கடிந்துகொள்வாரும் உண்டு. அவனுக்கு ஆட்டிசம் உண்டு என்பதையும், அவ்வழுகையே அவன் கைவசமுள்ள ஒரே மொழியாக இருக்கலாம் என்பதையும் அவர்கள் அறியார். அந்த மொழியைப் படித்தறிந்து, அதனினும் எளிய வேறொரு மொழியை அவனுக்குக் கற்பிப்பதே நடத்தைப் பயிற்சி உதவியாளரின் பணியாகும். அப்பணியின் இயல்பையும் முறையையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகின்றது. இதில் வரும் சிறுவனின் வரலாறு விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டே ஆகும்.

ஆட்டிசத்தின் இயல்பு

ஆட்டிசம் ஒரு தொற்றுநோய் அன்று, மனநோயும் அன்று. இளமைப் பருவத்திலேயே தோன்றும் மூளை வளர்ச்சி வேறுபாடு அது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்நிலையைத் தெளிவாக விவரித்தார். பிறருடன் கருத்துப் பரிமாறுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாறுதலைத் தாங்காமை, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன இதன் பொது அறிகுறிகள். இவை குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபடும். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கூறப்பட்டது. அக்கருத்து முற்றிலும் தவறு என்று பின்னர் நிறுவப்பட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்றுக்கொண்டுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. இதன் அளவை மதிப்பிட நம் நாட்டில் 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகின்றது. நோயறிதல் மருத்துவர், உளவியலார் ஆகியோரின் பொறுப்பு என்பதையும், உதவியாளர் அதில் தலையிடலாகாது என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் இருத்துதல் வேண்டும்.

பணி தோன்றிய வரலாறு

ஒரு செயலின் பின்விளைவு அச்செயல் மீண்டும் நிகழ்வதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது என்பது அமெரிக்க உளவியலார் பி. எஃப். ஸ்கின்னர் ஆய்ந்து விளக்கிய கொள்கை. இதனை ஆட்டிசக் குழந்தைகளின் கல்விக்குப் பயன்படுத்தியோருள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐவர் லோவாஸ் குறிப்பிடத்தக்கவர். வாரத்திற்கு ஏறக்குறைய 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பிற குழந்தைகளுக்கு ஒப்பான கல்விநிலையை எய்தினர் என்று அவர் 1987ஆம் ஆண்டில் அறிவித்தார். இவ்வறிக்கை உலகெங்கும் பெற்றோருக்கு நம்பிக்கை அளித்தது. எனினும் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், அம்முறையில் அதட்டலும் அடியும் கையாளப்பட்டன என்பதும் அதன் குறைகள். தண்டனையை இன்றைய நல்ல நடைமுறை ஏற்பதில்லை. ஆட்டிசமுடையோருள் வளர்ந்த பலர், கீழ்ப்படிதலையே குறிக்கோளாகக் கொண்ட பயிற்சியைக் கண்டித்து எழுதியும் பேசியும் வருகின்றனர். அவர்களுடைய சொல்லுக்குச் செவிசாய்த்தல் இத்துறையினரின் கடமை.

இப்பணிக்கென அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம் ஒன்று 2014ஆம் ஆண்டில் தனிச்சான்று ஏற்படுத்தியது. 40 மணி நேரப் பயிற்சியும், தேர்வும், தொடர்ந்த மேற்பார்வையும் அதன் கூறுகள். 2023ஆம் ஆண்டு முதல் அவ்வாரியம் இந்தியாவில் வாழ்வோரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. நம் நாட்டில் சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலார் முதலியோரின் பயிற்சியையும் பதிவையும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழு முறைப்படுத்துகின்றது. உதவியாளர் எப்பெயரால் அழைக்கப்படினும், தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றுதலே முறை.

முதற்படி: கண்டதை எழுதுதல்

உதவியாளரின் முதற்கருவி பதிவேடு. அதில் மூன்று பத்திகள் உண்டு. செயலுக்கு முன் நிகழ்ந்தது யாது, செயல் யாது, அதன்பின் நிகழ்ந்தது யாது என்பன அவை. ‘அடம் பிடித்தான்’ என்று எழுதுதல் பிழை; அது தீர்ப்பேயன்றிக் குறிப்பு அன்று. ‘காதைப் பொத்தினான், படியில் அமர்ந்தான், நான்கு நிமிடம் அழுதான்’ என்று எழுதுவதே சரி.

நம் எடுத்துக்காட்டிற்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து வந்து தாதரில் குடியேறிய குடும்பம் அச்சிறுவனுடையது. பாலத்தின் மறுபுறமுள்ள பயிற்சி நிலையத்திற்குத் தாய் அவனை அழைத்துச் செல்கின்றாள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் மாலை 6 மணிக்குச் சென்றபோது மூன்று முறையும் அழுதான். செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் முற்பகல் 11 மணிக்கு அதே படிகளில் அழாமல் ஏறினான். ஞாயிறு மாலை 6 மணிக்குக் கூட்டம் குறைவு. அன்று காதைச் சற்றுப் பொத்தி நின்றுவிட்டுத் தானே ஏறினான். தாய் இருமுறை பிஸ்கட் கொடுத்தாள். அவன் அதை வீசி எறிந்தான். படிகளின் அடியிலுள்ள ஒதுக்குப்புறத்திற்குத் தூக்கிச் சென்றபோது அழுகை விரைவில் அடங்கியது.

இக்குறிப்புகள் பல ஐயங்களைக் களைகின்றன. அச்சத்தின் காரணம் படிகள் அல்ல; மாலைக் களைப்பும் அன்று; பிஸ்கட் விருப்பமும் அன்று. நெரிசலும் இரைச்சலும் கூடியபோதே அழுகை எழுகின்றது. அவற்றினின்று விலகியதும் அடங்குகின்றது. ஒரு நடத்தை பெரும்பாலும் நான்கு பயன்களுள் ஒன்றை நாடி எழுவதாகக் கொள்வர். பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளைப் பெறுதல், பொறுக்க இயலாததினின்று தப்புதல், புலனுக்கு இதமான உணர்வைப் பெறுதல் என்பன அவை. இங்கு மூன்றாவதே பொருந்துகின்றது.

இரண்டாம் படி: அழுகைக்கு ஈடான சொல்

1985ஆம் ஆண்டில் எட்வர்டு கார், மார்க் டுராண்டு என்னும் ஆய்வாளர் இருவர் முக்கியமான உண்மை ஒன்றை நிறுவினர். ஒரு குழந்தை தகாத செயலால் எதைப் பெறுகின்றதோ, அதையே ஒரு சொல்லால் பெறக் கற்பித்தால் அச்செயல் குறைகின்றது என்பதே அது. ஆகவே சிறுவனுக்குக் கற்பிக்க வேண்டியது ‘அழாதே’ என்பதன்று, ‘போதும்’ என்பதே.

இதனை நெரிசலின் நடுவே கற்பித்தல் இயலாது. வீட்டில் மிக்சி ஓடும் வேளையே தக்க வகுப்பறை. ஒலி எழுந்து, சிறுவன் முகம் சுளித்த உடனேயே, அழுகை தொடங்குமுன், உள்ளங்கையை உயர்த்தும் சைகையை உதவியாளர் காட்டிப் ‘போதும்’ என்று சொல்லித் தருகின்றார். சிறுவன் கையைச் சற்று உயர்த்தினாலும் மிக்சி அக்கணமே நிறுத்தப்படுகின்றது. இவ்விரைவே பாடத்தின் உயிர். நாள் செல்லச் செல்ல உதவியாளர் தம் சைகையைப் பாதியாகக் குறைத்து, பின்னர்ப் பார்வையளவில் நிறுத்தி, முடிவில் முற்றிலும் நீக்கிவிடுகின்றார். அதன்பின் கூட்டம் குறைந்த வேளையில் படிகளின் அடியிலும், பின்னர் ஓரளவு கூட்டத்திலும் பயிற்சி தொடர்கின்றது. ஒலியைத் தடுக்கும் காதுமூடி, வகுப்பு நேர மாற்றம் ஆகியவற்றையும் உடன் கையாளுதல் நன்று. சூழ்நிலையை மாற்றுதல் தோல்வியன்று, அதுவும் உதவியே.

எம்மொழியில் கற்பித்தல்?

மும்பையில் பணிபுரிவோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. பயிற்சி நிலையத்தில் சிறுவனுக்கு இந்திச் சொல்லொன்று கற்பிக்கப்பட்டது. ‘போதும்’ எனப் பொருள்படும் அச்சொல் ‘பஸ்’ என்று ஒலிக்கும். நிலையத்தில் அவன் அதைச் சொன்னவுடன் ஓய்வு கிடைத்தது. வீட்டில் மிக்சி ஓடியபோதும் அவன் ‘பஸ்’ என்றான். பாட்டியோ, “பஸ்ஸிலே போகணுமா கண்ணு? அம்மா வரட்டும்” என்றாள், மிக்சி நிற்கவில்லை. மீண்டும் சொன்னான், நிற்கவில்லை. அதன்பின் அழுதான். ‘கற்றதை மறந்துவிட்டான்’ என்று வீட்டார் வருந்தினர். அவன் மறக்கவில்லை; அவனுடைய சொல்லுக்கு அங்கு மறுமொழி இல்லை.

இவ்வாறான நேரங்களில், குழப்பம் வராதிருக்கத் தாய்மொழியை வீட்டில் விட்டுவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவது உண்டு. இருமொழிச் சூழலில் வளர்தல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சிக்குத் தீங்கு விளைப்பதில்லை என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. அன்றியும், தமிழை விட்டுவிடுமாறு கூறுவது, சிறுவனுடன் நாள் முழுதும் இருக்கும் பாட்டியை ஊமையாக்குவதாகும். மும்பை மாநகராட்சியே தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தியுள்ளது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆகவே உதவியாளர் செய்யத்தக்கவை வருமாறு: சொற்பட்டியலை வீட்டாருடன் அமர்ந்து வகுத்தல், வீட்டிற்குத் தமிழ்ச் சொல்லையும் நிலையத்திற்கு இந்திச் சொல்லையும் கொள்ளல், இரண்டிற்கும் பொதுவாக ஒரே சைகையையோ படஅட்டையையோ அமைத்தல், பாட்டிக்கும் அதைப் பழக்குதல்.

கள ஊழியரால் இயலுமா?

தெற்காசியாவில் நிகழ்ந்த ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடைபெற்ற அவ்வாய்வு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் நிபுணர் அல்லாத ஊழியர்கள் பெற்றோருக்கு ஆறு மாதங்களில் 12 அமர்வுகள் நடத்தினர். பெற்றோர் குழந்தையின் போக்கை உணர்ந்து மறுமொழி தருதலும், குழந்தை தானே முன்வந்து கருத்தறிவித்தலும் கூடின. எனினும் இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்திய நேரம் கூடவில்லை, குறைந்தது. நல்ல பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற கள ஊழியரால் பயனுண்டு என்பதும், எல்லாப் பயனும் ஒருங்கே கிட்டுவதில்லை என்பதும் இதன் பாடங்கள்.

மும்பையில் 1944இல் தோன்றிய சிவ்ரி ஜெய் வகீல் பள்ளி, 1983இல் நிறுவப்பட்ட பாந்திரா அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், 2001இல் தொடங்கிய உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம் ஆகியன இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது.

பணியின் வரம்புகள்

1. அடித்தல், உணவை மறுத்தல், வலிந்து பிடித்தல் ஆகியன கூடா. குழந்தை விலகிச் செல்ல முயலுமாயின் பாடத்தை நிறுத்துதல் வேண்டும்.

2. கைகளை உதறுதல், ஆடுதல் முதலியன எவருக்கும் தீங்கு தராதபோது அவற்றைத் தடுத்தல் வேண்டுவதில்லை. அவை குழந்தையின் அமைதிக்கு வழியாகலாம்.

3. நடத்தை திடீரென மாறினால் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் உண்டோ என மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வலியைச் சொல்ல இயலாத குழந்தை அதை நடத்தையால் காட்டும்.

4. பதிவேடு குடும்பத்தின் உடைமை போன்றது. அதனை அயலாரிடம் பேசுதல் தகாது.

5. ஆட்டிசத்தை நீக்கிவிடுவதாக எவருக்கும் வாக்களித்தல் கூடாது.

சிறுவன் ஒருநாள் தாதர் படிகளின் அடியில் நின்று கையை உயர்த்திப் ‘போதும்’ என்கின்றான் என்று கொள்வோம். தாய் அவனை ஒதுக்குப்புறத்திற்கு அழைத்துச் செல்கின்றாள். கூட்டம் தணிந்தபின் இருவரும் ஏறுகின்றனர். இரைச்சல் அவனுக்கு இன்னும் துன்பமே. எனினும் அதை அவன் சொன்னான், சொன்னது கேட்கப்பட்டது. உதவியாளரின் வெற்றி இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. ‘வகுப்பில் முரண்டு பிடித்தான்’ என்னும் குறிப்பை மூன்று பத்திப் பதிவாக மாற்றி எழுதுக.

2. ஞாயிறு மாலைக் குறிப்பு இல்லாதிருந்தால் எந்த ஐயம் தீராது நின்றிருக்கும்?

3. உங்கள் பகுதியில் வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறுபடும் குழந்தை ஒருவருக்கு முதலில் கற்பிக்கத்தக்க ஐந்து சொற்களைப் பெற்றோருடன் கலந்து வகுக்க.