ஈரம் இருந்தும் தக்காளி வாடுவது ஏன்?

ஈரம் குறையாத வயலிலும் தக்காளிச் செடி நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்வதைக் கண்டிருப்பீர்கள். உடனே மடையைத் திறந்துவிடாதீர்கள். அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம்.

வேர்க் காயத்தின் வழியே நுழையும் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா, தண்டின் நீர்க்குழாய்ச் சுவரில் கோழைபோல் படிந்து பெருகுகிறது. படிவு கொஞ்சம்தானே என்று எண்ண வேண்டாம். மெல்லிய குழாயில் ஓடும் நீரின் அளவு, அதன் ஆரத்தை நான்கு முறை பெருக்கிவரும் தொகைக்கு ஏற்ப அமையும். இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவசேய் 1840-களில் வெளியிட்ட கணக்கு இது. ஆரம் 1-லிருந்து 0.9 ஆனால் ஓட்டம் 0.66 தான், பாதியானால் மிஞ்சுவது 16-ல் 1 பங்கே! செடியின் குழாய் ஒரே சீராக இராது. ஆகவே இது தோராயக் கணக்குத்தான். மாலையில் தேவை குறைவு, குறுகிய வழியே போதும். உச்சி வெயிலில் போதாது.

அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் முனை நனையத் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் நோய் இதுவே. குழாயை மீண்டும் திறக்க மருந்தில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள்; அந்தப் பாத்தி நீர் அடுத்த பாத்திக்குப் பாய வேண்டாம். அடுத்த பட்டத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கைத் தவிர்த்து, நெல்லோ மக்காச்சோளமோ போடுங்கள்.