‘வேலை செய்ய இயலாதவர்’ யார்?

எங்கள் வட்டவடையில் காப்பீட்டுப் பத்திரம் இல்லாத வீடு குறைவு. ஆனால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுமுன் முழுதும் படித்தவர்கள் மிகச் சிலரே. விபத்தில் உயிர் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறோம். உயிர் தப்பி, உழைக்கும் சக்தி போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பதில்லை. அதற்கு விடை ‘இயலாமை’ என்ற ஒரு சொல்லின் விளக்கத்தில் இருக்கிறது. அதை அளக்க மூன்று அளவுகோல்கள் உண்டு.

1. சொந்த வேலை

நான் பணியாற்றிய ரயில்வேயில் என்ஜின் டிரைவருக்கு ‘ஏ-1’ என்ற மருத்துவத் தகுதி வேண்டும். கண்பார்வை குறைந்தால் அவர் டிரைவர் வேலைக்குத் தகுதியற்றவர். அலுவலக வேலைக்குத் தகுதியுள்ளவர். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி தரவேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது தொடர்கிறது.

ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் 1968இல் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2. எந்த வேலையும்

எல்.ஐ.சி.யின் விபத்து, ஊனப் பலன் விதி இதைவிடக் கடுமையானது. விபத்து நடந்த 180 நாட்களுக்குள் ஊனம் ஏற்பட வேண்டும். அன்றும் அதன்பின் என்றும் வருமானம் தரும் எந்தத் தொழிலையும் செய்ய முடியாத நிலையாகவும் அது இருக்கவேண்டும். இரு கண் பார்வையோ இரு கைகளோ போவது போன்ற சில இழப்புகளைத் தனியே குறிப்பிட்டிருப்பார்கள்.

அமெரிக்கா, கனடாவில் நம் பிள்ளைகளுக்கு நிறுவனம் எடுத்துத்தரும் குழுக் காப்பீடுகள் பலவற்றில் முதல் 24 மாதம் சொந்த வேலையே கணக்கு. பிறகு எந்த வேலையும் செய்ய முடியாதென்றால்தான் பணம் தொடரும்.

3. உறுப்புப் பட்டியல்

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். வயது 18 முதல் 70 வரை. இரு கை அல்லது இரு கால் செயலிழந்தால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ செயலிழந்தால் 1 லட்சம். தொழில் என்ன என்ற கேள்வியே இதில் இல்லை.

ஓர் உதாரணம்

நம்மூர் விவசாயி ஒருவர் பூண்டு மூட்டை ஏற்றிய ஜீப்பிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்கலாம்; குனிந்து மண்ணைக் கொத்த முடியாது. முதல் அளவுகோலில் அவர் இயலாதவர். இரண்டாவதில், கடைக் கல்லாவில் உட்காரலாமே என்பார்கள். மூன்றாவதில் கையும் காலும் இருக்கின்றன, பணம் இல்லை. மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளி வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர முதலாளி உண்டு. சொந்த நிலத்துக்காரருக்கு அவர் எடுத்த பத்திரம் ஒன்றே துணை.

மீட்டர் கேஜ் வண்டி அகலப் பாதையில் ஓடாது. அதுபோல ஒரு திட்டத்தின் விளக்கத்தைக் காட்டி இன்னொன்றில் பணம் கேட்க முடியாது.

ஆகவே கையெழுத்திடுமுன் ஏஜெண்டிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

அ) சொந்த வேலையா, எந்த வேலையுமா, உறுப்புப் பட்டியலா?
ஆ) விபத்து மட்டுமா, நோயும் சேருமா?
இ) எத்தனை நாட்களுக்குள் ஊனம் ஏற்பட வேண்டும்?
ஈ) பகுதி ஊனத்துக்குப் பணம் உண்டா?

வாய்ப்பேச்சு போதாது. பத்திரத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள். நாளை படுக்கையில் நாம் இருந்தால் அலுவலகப் படி ஏறப்போகிறவர்கள் அவர்கள்தாம்.