வீட்டுக் கோழி முட்டையிடாதது ஏன்?

சங்கரன்கோவில் வட்டாரம் மானாவாரி நிலம் மிகுந்த பகுதி. மழை பொய்த்த காலத்திலும், புழக்கடையில் வளரும் நான்கைந்து கோழிகள் குடும்பத்தின் உப்பு, புளிச் செலவுக்குக் கைகொடுக்கின்றன. அவை முட்டையிடுவதை நிறுத்தியதும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோர் பலர். காரணம் அறியாது விற்பதால் நல்ல கோழியை இழக்கிறோம். நோயுற்ற கோழியாயின் நோயையும் பரப்புகிறோம்.

1. உண்மையில் முட்டை இல்லையா?

திரியும் கோழி வைக்கோற்போரிலும் வேலியோரத்திலும் மறைவாக முட்டையிடும். கீரியும் பாம்பும் அவற்றைத் தின்றுவிடுவதுண்டு. ஆகவே, இரண்டு மூன்று நாட்கள் தீனியும் நீரும் வைத்து, பிற்பகல் வரை பஞ்சாரத்தில் அடைத்துப் பார்த்தல் வேண்டும். வாலுக்குக் கீழுள்ள இரு இடுப்பெலும்புகளின் நடுவே இரண்டு மூன்று விரல்கள் புகுந்தால் அது முட்டையிடும் கோழி; ஒரு விரலே புகுந்தால் ஓய்விலுள்ள கோழி.

2. இயற்கையான ஓய்வு

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைக்கு அமர்வது இயல்பு. குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும். குஞ்சுகளை வளர்க்கும்போதும் முட்டையிடாது. குஞ்சு தேவையில்லையெனில், காற்றோட்டமான கூண்டில் சில நாட்கள் அடைத்து, வழக்கம்போல் தீனியும் நீரும் கொடுத்தால் அடை தெளியும். இறகு உதிர்க்கும் காலத்திலும் உண்ட சத்து புதிய இறகுக்கே செல்லும். இவ்விரண்டும் நோயல்ல.

3. தீனி, நீர், வெப்பம்

குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது முட்டை குறையும். நம் ஊரோ பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே உள்ளது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேறுபாடு. ஆகவே, இங்கு முதலில் ஆராய வேண்டியவை தீனி, நீர், வெப்பம் ஆகியவையே. முட்டையின் உட்பொருளில் முக்கால் பங்கு நீர். கோடையில் நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து அடிக்கடி மாற்றுக. கம்பு, சோளத்துடன் சிறிது பிண்ணாக்கும், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளும் தருக. பேன், குடற்புழு உண்டா என்றும் பார்க்க.

4. வெள்ளைக் கழிச்சல்

பல கோழிகள் ஒருங்கே முட்டையை நிறுத்தி, சோர்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் தாமதியாது கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ராணிக்கேத் எனப்படும் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை; தடுப்பூசியே காப்பு. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஐந்து கோழி உடையவர் தனியாக இதைச் செய்துகொள்ளல் அரிது.

இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினரின் கடமை தொடங்குகிறது. தெருவாரியாகக் கோழிகளைக் கணக்கெடுத்து, மருந்தகத்தோடு பேசி ஒரு நாளைக் குறித்து, விடியலில் கோழிகளைத் திறந்துவிடுமுன் தடுப்பூசி போடச் செய்க. இறந்த கோழிகளைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கச் செய்க. ஒரு வீடு விடுபட்டாலும் தெருவுக்கே ஆபத்து. அனைவரும் கூடினால் ஊர்க் கோழிகள் அனைத்தும் பிழைக்கும்.