மருந்தும் மருந்தும் மாறுபடல்

பதினெண்கீழ்க்கணக்கினுள் மூன்று நூல்கள் மருந்தின் பெயரால் வழங்குதலைத் தமிழ் பயின்றார் யாவரும் அறிவர். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் கூடியது திரிகடுகம்; ஐந்து வேர்கள் கூடியது சிறுபஞ்சமூலம்; ஏலம் முதலிய ஆறு பொருள்கள் கூடியது ஏலாதி. பாட்டுக்கு மூன்றும் ஐந்தும் ஆறுமாகப் பொருள்களைத் தொகுத்துரைத்தமையின் அந்நூல்களுக்கு அப்பெயர்கள் பொருந்தின என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றோம். ஆயின் பொருள்கள் தனித்து நின்றபோது செய்யாததைக் கூடி நின்றபோது செய்யும் என்னும் உண்மை அப்பெயர்களுள் அடங்கியிருத்தலை யாம் நினைந்து பார்த்ததில்லை. அக்கூட்டம் நன்மை செய்யுமாயின் மருந்தாம். தீமை செய்யுமாயின் என்னாம்? கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு எம் ஊராகிய காஞ்சிபுரத்திற்குச் சென்றிருந்தபோது இதனை நேரிற் கண்டோம்.

பிள்ளையார்பாளையத்தில் எம் இல்லத்திற்கு அண்மையில் வாழும் முதியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டுத்தறி நெய்பவர். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நாள் முழுதும் மிதி மிதித்திருப்பார்க்கு இடுப்பும் முழங்காலும் நோவாதிருத்தல் அரிது. அவர்க்கு இரத்த அழுத்தமும் உண்டு. அதற்கென மருத்துவர் எழுதித் தந்த இரண்டு மாத்திரைகளை, எனலாப்ரில் ஒன்றும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஒன்றுமாக, நாடோறும் தவறாது உண்டு வந்தார். முகூர்த்த நாள்கள் நெருங்கி வேலை மிகுந்த காலத்தில், வலி தாளாமல் கடையிற் கேட்டு டைக்ளோபீனாக் மாத்திரையை வாங்கிக் காலையும் மாலையும் விழுங்கினார். இரண்டு வாரத்தில் கணைக்கால் வீங்கிற்று, சிறுநீர் குறைந்தது, உணவைக் கண்டாலே குமட்டல் எழுந்தது. குருதியைச் சோதித்ததில் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது.

“வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் மும்முறை வினவியும், “வேறொன்றுமில்லை” என்றே அவர் விடையிறுத்தாராம். பின்னர் யாம், “ஏன் தாத்தா, வலி மாத்திரையைச் சொல்லவில்லை?” என்று கேட்டபோது, “அது வலிக்குப் போடுவதுதானே தம்பி, அதை மருந்தென்று யார் சொல்வார்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சீட்டில் எழுதப்பட்டதே மருந்து. கடையில் எட்டணாவும் ஒரு ரூபாயுமாக வாங்கிய காலத்திலிருந்து கைம்மருந்துபோற் பழகியது மருந்தாகாது என்பது அவர் துணிபு. இத்துணிபு படித்தவரிடத்தும் உண்டென்பதை எம் விடுதித் தோழர்தம் பெட்டிகளைத் திறந்து காண்பார் அறிவர்.

இனி, இம்மூன்றும் கூடிச் செய்த தீங்கு யாது? ஏரி மிகுந்த நாட்டினராகிய எமக்கு மதகின் இயல்பு தெரியும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டி ஒவ்வொன்றிற்கும் குருதி புகும் குழாய் ஒன்றும் வெளியேறும் குழாய் ஒன்றும் உண்டு. புகும் குழாயை விரித்து வைப்பது புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள். வெளியேறும் குழாயைச் சுருக்கி உள்ளே அழுத்தம் நிலைக்கச் செய்வது ஆஞ்சியோடென்சின். டைக்ளோபீனாக், இபுப்ரோபென் போன்றவை முன்னதைத் தடுக்கவே, வரவு மதகு சுருங்குகின்றது. எனலாப்ரில், லோசார்டன் போன்றவை பின்னதைத் தடுக்கவே, போக்கு மதகு அகலுகின்றது. சிறுநீர் பெருக்கி ஏரியின் நீரையே குறைக்கின்றது. ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கொண்டு ஈடு செய்துகொள்ளும் உறுப்பு, மூன்றும் ஒருங்கே குறையுமிடத்து வடிகட்டும் ஆற்றலை இழக்கின்றது. வெயிற்காலத்தில் நீர் குறைவாகப் பருகுவார்க்கும், வயிற்றுப்போக்கு உற்றார்க்கும், முதியவர்க்கும் இவ்விடர் விரைந்து வரும்.

இது கற்பனையன்று. 2013-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இரத்த அழுத்த மருந்துண்ட 4,87,372 பேர்தம் குறிப்புகளை ஆராய்ந்தது. இம்மூவகையும் ஒருங்குண்டார்க்குத் திடீர்ச் சிறுநீரகப் பழுது நேரும் வாய்ப்பு 31 விழுக்காடு மிகுந்திருந்தது. முதல் 30 நாள்களில் அம்மிகுதி 82 விழுக்காடாக இருந்தது. முதியவர்க்கு இரண்டாம் வாரத்திலேயே தீங்கு வந்தமை இதனோடு ஒத்தல் காண்க.

அங்ஙனமாயின் வலிக்கு என் செய்வது? பாரசிட்டமால் சிறுநீரகத்தை இவ்வாறு வருத்துவதில்லை. ஆயினும் வளர்ந்தார்க்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேற்படின் கல்லீரலைக் கெடுக்கும். காய்ச்சலுக்கொரு மாத்திரை, சளிக்கொரு கலவை, தலைவலிக்கு மற்றொன்று என உண்பார், மூன்றிலும் பாரசிட்டமாலே இருத்தலை அறியார். சளிக் கலவைகளிற் பலவற்றிலுள்ள பினைலெப்ரின் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஒரே மாத்திரையிற் பல மருந்துகளைப் பொருத்தமின்றிக் கலந்த 156 கலவைகளை 2024 ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்தது. அசிக்ளோபீனாக் 50 மில்லிகிராமும் பாரசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த வலி மாத்திரை அவற்றுள் ஒன்று.

கலவையைப் பற்றிப் பேசுங்கால் எம் மாவட்டத்திற்கு நேர்ந்த பழியை மறைத்தல் நேர்மையாகாது. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று இறந்தனர். அவர்கள் உண்ட கோல்டிரிப் என்னும் இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திற் செய்யப்பட்டது. அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்தமையைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டிற்று. மருந்தும் மருந்தும் மாறுபட்டதன்று அது, மருந்தே நஞ்சாயிருந்தது. எந்தத் தாயும் எச்சரிக்கையால் அதனைத் தவிர்த்திருக்க இயலாது. செய்தவரும் காத்தவரும் விடையிறுக்க வேண்டுவது அது. ஆனால் பினைலெப்ரினும் குளோர்பெனிரமினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குத் தரலாகாதென நடுவண் மருந்துத் துறை 2023 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. கோல்டிரிப்பும் அவ்விரண்டொடு பாரசிட்டமாலும் சேர்ந்ததே.

மீண்டும் திரிகடுகத்திற்கு வருவோம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்னும் சத்து, குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, உண்ட மருந்து மிகுதியாகக் குருதியிற் சேரச் செய்கின்றது. சம்முவிலுள்ள ஆய்வகத்தார் இதனை ஆராய்ந்ததன் பயனாக, காசநோய்க்குரிய ரிபாம்பிசினை 450 மில்லிகிராமுக்கு மாறாக 200 மில்லிகிராமே பைப்பரினோடு சேர்த்துத் தரும் மாத்திரை 2009-இல் வெளிவந்தது. முன்னோர் கூட்டு வீண்கூட்டன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எனினும் நன்மைக்கு உதவிய அவ்வியல்பே, வலிப்பு நோய்க்குரிய பெனிடாயின் போன்ற மருந்துகளை அளவுக்கு மேல் ஏற்றவும் வல்லது. வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியில் மிளகும் சுக்கும் இருக்கின்றனவே, அதனை விடல் வேண்டுமோ என்று எம் அன்னையார் அஞ்சி வினவினார். வேண்டா, உணவளவு வேறு, சூரணமாகவும் குளிகையாகவும் நாடோறும் உண்ணும் அளவு வேறு.

சித்த மருத்துவர் இம்மருந்தைத் தேனில், இதனை நெய்யில், இதனை வெந்நீரில் என்று அனுபானம் வகுத்ததும் பத்தியம் விதித்ததும் உடனுண்பது மருந்தை மாற்றும் என்பதை அறிந்தேயாம். அந்நெறியை மேனாட்டு மருந்துக்கும் கொள்ளல் தகும். டெட்ராசைக்ளினைப் பாலோடு உண்டால் சுண்ணாம்புச் சத்து அதனைக் கட்டி, உடலிற் சேராது தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு உண்பார்க்கும் பயன் குறையும். காஞ்சியில் காப்பியின்றி மாத்திரை விழுங்குவாரைத் தேடித்தான் காணல் வேண்டும்.

முதியவர் வலி மாத்திரையை நிறுத்தியபின், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களில் நலமுற்றார். யாம் அவர்க்கு ஒரு தாளில், உண்பன அனைத்தையும் எழுதித் தந்தோம்: சீட்டிலுள்ளவை, கடையில் வாங்கியவை, சூரணம், தைலம் வரை. மருத்துவரிடம் செல்லும்போதும், மக்களைத் தேடி மருத்துவத்தினர் வீட்டிற்கு வரும்போதும், கடைக்குச் செல்லும்போதும் அதனைக் காட்டுதல் ஏற்பாடு. மருந்தால் தீங்குற்றது தெரியின், காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்திற்கு 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் யாரும் தெரிவிக்கலாம் என்பதையும் அடியில் எழுதினோம். தாளை அவர் தறிக்கு மேலே, பாவுக் கணக்கும் கூலிக் கணக்கும் செருகிய கம்பியிலேயே செருகிக்கொண்டார். நாம் எழுதிய பட்டியலில் மூக்குப்பொடி விடுபட்டதென்று மறுநாள் அழைத்துச் சேர்க்கச் சொன்னார்.