ஏலத்தோட்ட நோட்டைச் செயலியாக்குவது எப்படி?

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். யார் வந்தார், எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் பல தோட்டங்களில் இன்னும் நீள நோட்டில்தான் ஏறுகிறது. கூலி நாளன்று கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் இந்த நோட்டைக் கைபேசிச் செயலியாக மாற்றலாம். கூகுள் 2020இல் வாங்கிய ஆப்ஷீட், கூகுள் ஷீட்டில் உள்ள அட்டவணையை எடுத்துச் செயலியாக்கித் தருகிறது. தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் கிரியேட்டரிலும் அடிப்படை முறை இதுதான். கருவி எதுவானாலும் பெரிய வேலை, கணக்கைச் சரியாகப் பிரிப்பது. பொத்தான்களை அடுக்குவது அதற்குப் பிறகு அரைநாள் வேலை.

வேண்டியவை: இணைய வசதியுள்ள கணினி, ஜிமெயில் கணக்கு, ஆண்ட்ராய்டு கைபேசி, போன மாத நோட்டு.

1. ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

நோட்டில் ஆளுக்கு ஒரு வரியும் தேதிக்கு ஒரு கட்டமும் இருக்கும். மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எடை போட்டால் அந்தக் கட்டத்தில் இடம் போதாது. செயலியில் ஒரு வரி என்பது ஒரு ஆளின் ஒரு எடை. வரிகள் பெருகட்டும், கூட்டுவது செயலியின் பாடு.

2. மூன்று தாள்கள் போடுங்கள்

- ஆட்கள்: எண், பெயர், ஊர், ஜீப்
- எடுப்பு: அடையாள எண், தேதி, ஆள், கிலோ, கிலோ வீதம், தொகை, பதிந்தவர்
- முன்பணம்: அடையாள எண், தேதி, ஆள், தொகை

முதல் வரியில் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். அடியில் மொத்தம் போடாதீர்கள். ஆதார் எண்ணை ஏற்றாதீர்கள்; இந்தக் கணக்குக்கு அது தேவையில்லை.

3. செயலியை உருவாக்குங்கள்

ஷீட்டின் மேல்பட்டியில் எக்ஸ்டென்ஷன்ஸ், அதனுள் ஆப்ஷீட், அதனுள் கிரியேட் ஆப். சிறிது நேரத்தில் ஒரு செயலி எழும். விடுபட்ட தாள்களை டேட்டா பகுதியில் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

4. கட்டங்களின் வகையைச் சொல்லுங்கள்

தேதிக்கு டேட், கிலோவுக்கு டெசிமல், தொகைக்கு பிரைஸ். ‘ஆள்’ கட்டத்துக்கு ரெஃப் என்று கொடுத்து ஆட்கள் தாளோடு இணையுங்கள். அப்போது பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலில் தொட்டால் போதும். ஒரே ஆள் முருகன், முருகேசன் என்று இரண்டு பேராகிவிட மாட்டார்.

அடையாள எண்ணுக்கு யுனீக்ஐடி சூத்திரத்தையும், தேதிக்கு டுடே சூத்திரத்தையும் இனிஷியல் வேல்யூவில் இடுங்கள்.

5. கிலோ வீதத்தில் கவனம்

பலரும் சறுக்கும் இடம் இது. வீதத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து, எல்லா வரிகளும் அங்கிருந்தே படிக்கும்படி செய்தால், வீதம் உயர்ந்த அன்று போன மாதக் கூலியும் சேர்ந்து மாறிப்போகும். அன்றைய வீதம் அந்தந்த வரியிலேயே பதிய வேண்டும். ஆகவே இன்றைய வீதத்தை அந்தக் கட்டத்தின் இனிஷியல் வேல்யூவாகக் கொடுங்கள். தொகைக்குக் கிலோ பெருக்கல் வீதம் என்று சூத்திரம் போடுங்கள். வீதம் மாறினால் இனிஷியல் வேல்யூவை மட்டும் மாற்றுங்கள். பழைய வரிகள் அப்படியே நிற்கும்.

6. சிக்னல் இல்லாத சரிவுக்குத் தயாராகுங்கள்

செட்டிங்ஸில் ஆஃப்லைன் பகுதிக்குப் போய், இணையம் இல்லாமலும் செயலி திறக்கும்படி வையுங்கள். காட்டில் பதிந்தது கைபேசியில் காத்திருக்கும். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் சிங்க் செய்தால் ஷீட்டில் ஏறும். இரண்டு கங்காணிகள் ஒரே நேரத்தில் பதிந்தாலும் அடையாள எண் வேறு வேறு என்பதால் வரிகள் மோதாது. ஆனால் ஒரே வரியை இருவரும் திருத்தக் கூடாது. ஒருவர் திருத்தியதை மற்றவருடையது அழித்துவிடும்.

7. அழிக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள்

தாளின் அனுமதிகளில் சேர்ப்பதை மட்டும் கங்காணிக்கு விடுங்கள். எடை தவறாகப் பதிந்தால் கழித்தல் குறியோடு இன்னொரு வரி போடலாம். எது எப்போது மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

8. நோட்டோடு ஒத்துப் பாருங்கள்

ஒரு கூலிக்காலம் முழுவதும் நோட்டிலும் செயலியிலும் பதியுங்கள். இரண்டு மொத்தமும் ஒத்துவந்த பிறகே நோட்டை மூடுங்கள்.

செலவு: ஆப்ஷீட்டில் செயலியைக் கட்டிப் பார்ப்பதற்கும் பத்துப் பேர் வரை சோதிப்பதற்கும் காசு இல்லை. நிரந்தரமாகப் பலர் பயன்படுத்த மாதக் கட்டணம் உண்டு. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் சந்தா வைத்திருப்பவர்கள் அதிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என்ன? ஸ்டோருக்கு ஒரு தாள் சேர்க்கலாம்: உள்ளே போன பச்சைக்காய், வெளியே வந்த உலர்காய். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் தேறும். அந்த விகிதம் திடீரென்று சரிந்தால், புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்கு அனுப்பும் முன்பே காரணம் தேடலாம். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் பால் ஊற்றுபவர்களுக்கும் இதே கட்டமைப்புப் பொருந்தும்: ஆளுக்குப் பதில் உறுப்பினர், கிலோவுக்குப் பதில் லிட்டர், கூடவே கொழுப்பு அளவு. முதலமடை மாந்தோப்பில் லிட்டருக்குப் பதில் பெட்டி.

தடுமாறினால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் நடக்கும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் ஆப் இன்வென்டர் கொண்டு செயலி செய்யக் கற்றுத் தருகிறார்கள். கருவி வேறென்றாலும் யோசிக்கும் முறை ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. ரெஃப் இணைப்பு இருப்பதால், ஆட்கள் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய எடைகளும் முன்பணமும் வரிசையாக விழும். கூலி கொடுக்கும்போது அந்தத் திரையை அவரிடமே நீட்டுங்கள். “செவ்வாய்க்கிழமை சாயங்கால எடையைக் காணோமே அண்ணே” என்று அவர் கேட்டால், உங்கள் செயலி வேலை செய்கிறது என்று அர்த்தம்.