அடம் செய்யும் குழந்தைக்குத் துணையாள் தேடுதல்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களிலுள்ள நம் ஊர்களில் குழந்தை வளர்ப்பு ஒரு காலத்தில் தாய் ஒருத்தியின் பொறுப்பாக மட்டும் இருந்ததில்லை. பாட்டி, அத்தை, பெரியம்மா, அண்டை வீட்டார் எனப் பல கைகள் இருந்தன. பிடிவாதம் மிக்க பிள்ளையும் அக்கைகளில் மாறி மாறி வளர்ந்துவிட்டான். இன்று நம் குடும்பங்களுள் பல நகரங்களில் வாழ்கின்றன. கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்கின்றனர். ஆதலின் காப்பகத்தையோ ஆயாவையோ நாடவேண்டியுள்ளது. சாதுவான குழந்தைக்கு அது எளிது. கடித்து, அடித்து, பொருள்களை வீசியெறிந்து, தரையில் புரண்டு கதறும் குழந்தைக்கோ பெரும்பாடு.

இதனை நாம் நம் இல்லத்திலேயே கற்றோம். நம் மகள் வயிற்றுப் பேரன் நான்கு வயதினன். அவனைச் சேர்த்த காப்பகத்தார் பதினைந்து நாள்களில், "இனி அழைத்து வர வேண்டாம்" என்று கூறிவிட்டனர். பின்னர் வீட்டிற்கு ஒரு பெண்மணியை அமர்த்தினோம். அவரிடம், "சற்றுக் குறும்பு செய்வான், அவ்வளவே" என்றோம். அது பொய். மூன்றாம் நாள் அவர் மணிக்கட்டில் பல் பதிந்தது. நான்காம் நாள் அவர் வரவில்லை. அடுத்து வந்தவரிடமும் அச்சொல்லையே சொன்னோம். ஒரு மாதம் இருந்தார். பிள்ளையின் தொடையில் கிள்ளிய தழும்புகளைக் கண்டு நாமே அவரை அனுப்பிவிட்டோம். அவர் செய்தது தவறே, ஐயமில்லை. எனினும் எது நேரும் என அறியாத ஒருவர் கையில் பிள்ளையை ஒப்படைத்தவர் நாமன்றோ? உண்மையைச் சொன்னால் எவரும் வரமாட்டார் என்னும் அச்சமும், உற்றார் அறிந்தால் என்ன நினைப்பரோ என்னும் நாணமும் நம் வாயை அடைத்திருந்தன. மகள் ஊதியமில்லா விடுப்பில் வீட்டிலிருந்தாள். வேலையையே விட்டுவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது.

அந்நிலையில்தான் ஆள் தேடுவதை நிறுத்திக் காரணத்தைத் தேடினோம். முதலில் காணவேண்டியது உடல்நலம். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், உறக்கக் குறைவு ஆகியவற்றை வாயால் சொல்லத் தெரியாத குழந்தை கையாலும் பல்லாலும் சொல்லும். 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைக் கட்டணமின்றிப் பரிசோதிக்க மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. பேச்சுத் தாமதம், ஆட்டிசம் முதலிய ஐயங்கள் இருப்பின் அங்கே காட்டலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பெற்ற மத்திய அரசு நிறுவனத்திலும் இத்தகைய குழந்தைகளைக் காட்டலாம். நம் பேரனைப் பரிசோதித்தபோது நடுச்செவியில் நீர் கோத்திருந்தமை தெரிந்தது. பின்னாலிருந்து அழைத்தால் அவனுக்குப் பாதி கேட்டிராது. அதனை நாம் அடம் என்றே எண்ணியிருந்தோம்! செவி தெளிந்தபின் தொல்லை பாதி குறைந்தது, மறுபாதி இருந்தது.

அம்மறுபாதிக்குக் குறிப்பேடு ஒன்று உதவிற்று. ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முன் நிகழ்ந்தது, பிள்ளை செய்தது, பின் நாம் செய்தது என நாள்தோறும் எழுதினோம். நடத்தைப் பயிற்சி அளிப்போர் பலரும் கையாளும் முறை இது. குழந்தை ஒன்றைப் பெறுவதற்காகச் செய்கிறதா, ஒன்றிலிருந்து தப்புவதற்காகச் செய்கிறதா என்பது இதனால் புலப்படும். பதினைந்து நாளில் ஒன்று தெளிவாயிற்று. கடியும் எறிதலும் பெரும்பாலும் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நிகழ்ந்தன. நம் இல்லத்தில் பொழுது சாயுமுன் உணவு முடியவேண்டும். நான்கரை மணிக்குப் பாலும் முறுக்கும் உண்ட பிள்ளைக்கு ஐந்தரைக்குப் பசி ஏது? இருவர் பிடித்து ஊட்டினோம்; தட்டு பறந்தது. அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுத்தோம். தட்டை எறிந்தால் ஊட்டல் நிற்கும், கைப்பேசியும் கிடைக்கும் என்று அவன் சரியாகவே கற்றிருந்தான். இராவுணவு தவிர்த்தலை நாம் கைவிடவில்லை. சிற்றுண்டியை மூன்று மணிக்கு மாற்றினோம். கைப்பேசியை அந்நேரத்தில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் அழுகை முன்னிலும் மிகுந்தது. அதற்கு அஞ்சிப் பழையபடி கைப்பேசியைக் கொடுத்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

காப்பகத்தை நாடுவோர்க்கு ஒரு சொல். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதனையே கூறுகின்றது. கேட்டுப் பெறுவோர் குறைவு. எக்காப்பகமாயினும், குழந்தை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று வினவுக. "எங்களிடம் வந்தால் தானே அடங்கிவிடும்" என்னும் விடை வந்தால் வேறிடம் பார்ப்பதே நன்று.

மூன்றாவதாக வந்தவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. குறிப்பேட்டையே கையில் கொடுத்தோம். படித்துவிட்டு, "பரவாயில்லைங்க, என் தங்கச்சி மகன் இதைவிட மோசம்" என்றார். முதல் வாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம், மகள் உடனிருக்கையில் பழகினார். அடுத்த வாரம் அரை நாள். அதன்பின் தாமே முழுநாளுக்கு ஒப்பினார். அடித்தலும் கிள்ளலும் கூடா. கடித்தால் கையை விடுவித்துக்கொண்டு, அவன் முகத்திற்கு நேரே நின்று "கடிக்கக் கூடாது" என ஒருமுறை மட்டும் சொல்லி விலகி அமரவேண்டும். பொறுமை எல்லை மீறும்போது எந்நேரமாயினும் தொலைபேசியில் அழைக்கலாம், எங்களுள் ஒருவர் வருவோம் என்று பேசிக்கொண்டோம். மண்ணடிக் கிழங்கு, தேன், முட்டை கலந்த பண்டம் ஆகாமையையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டினோம். ஊதியம் பிறர் தருவதினும் கூடுதல். வாரம் இருநாள் விடுப்பு. இது சலுகையன்று, வேலையின் கடுமைக்குரிய கூலி.

எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. குறிப்பேட்டை இப்பொழுது அவரே எழுதுகிறார். சென்ற மாதப் பக்கங்களில் கடி இரண்டு, தட்டு ஒன்று.