நடுக்களம் கற்றுத்தந்த கணக்கு

சிதம்பரத்தை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பாடம் முடியவில்லை என்றால் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வாரங்கள் விளையாட்டே கிடைக்கவில்லை.

கிடைத்த ஒன்றிரண்டு வேளைகளிலும் ஒரு மாணவி வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு வரை பையன்களுக்குச் சமமாகப் பந்து உதைத்தவள். ஏன் என்று கேட்டேன். "பெரிய பொண்ணாயிட்ட, இனிமே வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர்" என்றாள்.

அறிவுரை சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் கரும்பலகையில் ஒரு பெயர் எழுதினேன்: இந்துமதி கதிரேசன். 1994 ஜூனில் பிறந்தவர். நம் கடலூர் மாவட்டத்துக்காரர். இந்திய மகளிர் கால்பந்து அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர்.

முதலில் கணக்கு. 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசிய மகளிர் கால்பந்து இறுதிப்போட்டி. இந்தியா 3-1 என வங்கதேசத்தை வென்றது; மூன்றில் ஒரு கோல் இந்துமதி அடித்தது. "அப்போது அவருக்கு நிறைவடைந்த வயது என்ன?" என்றேன். பலர் 23 என்றார்கள். "ஜூன் இன்னும் வரலையே டீச்சர், 22 தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவளேதான்.

பிறகு காலக்கோடு வரைந்தோம். 2018இல் தமிழ்நாடு மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசிய மகளிர் கோப்பையைக் கைப்பற்றியது. 2019இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டம் வென்றது. இரண்டு அணிகளிலும் அவர் இருந்தார். 2020 ஊரடங்கில் அதே இந்துமதி காவல் உதவி ஆய்வாளராகச் சென்னைச் சாலையில் நின்றார் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து மைதானம். நடுக்கள ஆட்டக்காரர் எதிரணியிடம் பந்தைப் பறித்து, முன்னால் நிற்பவரிடம் சேர்ப்பவர். அதனால் அதிகம் ஓடுபவரும் அவர்தான். செய்தியில் பெரும்பாலும் பெயர் வராதவரும் அவர்தான். இதைப் புரியவைக்க ஒரே ஒரு விதி வைத்தேன்: அணியில் எல்லோர் காலிலும் பந்து பட்ட பிறகே கோல் அடிக்கலாம். ஆட்டம் முடிந்ததும், கோல் அடித்தவர் தனக்குப் பந்து தந்தவரின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். அன்று பலகையில் வந்தவை, நான் வகுப்பில் அதிகம் அழைக்காத பெயர்கள்.

மரத்தடி மாணவி அன்றும் ஆடவில்லை. பாஸ்களை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டினேன். "விளையாண்டா வேலை கிடைக்குமா டீச்சர்?" என்றார். பொய் சொல்லவில்லை. "உறுதி சொல்ல முடியாதும்மா. அரசு வேலையில் விளையாட்டுக்காரங்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்காக மட்டும் கேக்கல. மரத்தடியில உக்காந்ததுலேர்ந்து வகுப்புலயும் அவ வாய் திறக்கறதில்ல" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். "பள்ளிக்கூட நேரத்துல மட்டும். நீங்க பக்கத்துல இருக்கணும்" என்றார்.

இருக்கிறேன். இப்போது புதன்கிழமை கடைசிப் பாடவேளையில் என் இடம் மைதானம். மாவட்ட அணியில் சேர அவள் கடலூருக்குப் போவாளா என்று தெரியாது. ஆனால் வகுப்பில் மறுபடியும் கை தூக்குகிறாள்.

பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டு வெளியேறும் பெண்பிள்ளை சத்தமில்லாமல்தான் வெளியேறுகிறாள். உங்கள் பள்ளி மரத்தடியையும் ஒருமுறை பாருங்கள். முடிந்தால், என்னைப் போல அந்தப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள்.